கானக விலங்கும் நிழற்படக் கலையும்

இரண்டு நிழற்படங்களைப் பற்றிக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவோம். முதற்படம் 1902-ஆம் ஆண்டில் ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் எடுக்கப்பட்டது. அக்காலத்து வைசிராய் கர்ஸன் பிரபுவும் அவர்தம் துணைவியாரும் நிமிர்ந்து நிற்கின்றனர். அவர்கள் காலடியில் வேங்கைப் புலி ஒன்று உயிரற்றுக் கிடக்கின்றது. எடுத்தவர் அந்நாளில் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த ராஜா தீனதயாள். இரண்டாம் படம் 1947-ஆம் ஆண்டைச் சார்ந்தது. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கிய கொரியா என்னும் சிற்றரசின் மன்னர் ராமானுஜ பிரதாப் சிங் தேவ் துப்பாக்கியுடன் காட்சி தருகின்றார். அவர்முன் மூன்று சிவிங்கிப் புலிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டுள்ளன. மூன்றும் ஓர் இரவில் சுடப்பட்டவை. நம் நாட்டில் சிவிங்கி வாழ்ந்ததற்கு ஐயமற்ற கடைசிச் சான்று என்று இயற்கை நூலார் பலரும் இப்படத்தையே காட்டுகின்றனர். 1952-ஆம் ஆண்டில் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று அரசு அறிவித்தது.

எடுக்கப்பட்ட காலத்தில் இவ்விரு படங்களும் வெற்றியின் சின்னங்களாகவே கருதப்பட்டன. இன்று பார்க்கும் நமக்கோ இரண்டாம் படம் ஓர் இனத்தின் இறுதிச் சடங்கைப் பார்ப்பது போன்ற துயரத்தை அளிக்கின்றது. அந்நாளில் காட்டு விலங்கின் படம் என்றால் பெரும்பாலும் செத்த விலங்கின் படமே. உயிருள்ள விலங்கை, அது வாழும் காட்டிலேயே, அதன் வாழ்வுக்கு ஊறு நேராமல் படம் பிடிக்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதனால் காட்டிற்கு விளைந்த நன்மை யாது, அவ்வரலாற்றில் தமிழர் ஒருவருக்குரிய இடம் எத்தகையது என்பவற்றை ஈண்டு ஒருவாறு காண்போம்.

மலை நின்றது, மான் நிற்கவில்லை

நிழற்படக் கலை இந்தியாவிற்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில். தொடக்கத்தில் அஃது எளிய கலையாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டின்மீது பசை போன்ற மருந்தைப் பூச வேண்டும். அதனை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, எடுத்த கையோடு இருட்டறையில் கழுவியும் முடித்தல் வேண்டும். ஆகவே படம் எடுக்கச் செல்வோர் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. தகடு ஒளியை ஏற்றுக் கொள்ளவும் சில வினாடிகள் பிடித்தன. அந்நேரம் முழுவதும் எதிரே உள்ள பொருள் அசையாதிருத்தல் வேண்டும்.

இக்காரணத்தால் நம் நாட்டின் தொலைவான இயற்கைக் களங்களில் முதலில் படமானவை மலைகளும் பனிப்பாறைகளுமே. இங்கிலாந்தில் வங்கி எழுத்தராக இருந்து, அவ்வேலையைத் துறந்து இந்தியாவிற்கு வந்த சாமுவேல் போர்ன் என்பார் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயத்தில் பயணம் செய்தார். கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், கூடாரம், உணவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு சுமையாளர் பலர் அவருடன் நடந்தனர். 1866-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று அவர் படம் எடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் எவரும் படம் எடுத்ததில்லை; பின்னரும் நெடுங்காலம் எவரும் அதனை விஞ்சவில்லை. அப்படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. குளிரில் கைகால் மரத்துப்போகச் சுமை தூக்கிய மலைவாழ் மக்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை. இக்குறை இக்கலையின் வரலாறு நெடுகிலும் தொடர்வது என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மலை அசையாது நின்றது, மான் நிற்கவில்லை. உலர்ந்த தகடுகள் 1870-க்குப் பின் தோன்றி, விரைவில் படம் எடுக்க வழி செய்த பின்னரே உயிருள்ள காட்டு விலங்கை எண்ணிப் பார்க்க முடிந்தது. அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நம் காடுகளின் பெருவிலங்குகளில் பல, அந்தியிலும் இரவிலும் நடமாடுபவை. இருளில் படம் எடுப்பது எங்ஙனம்? அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஷைராஸ் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். மின்னல்போல் எரியும் மருந்துப் பொடியைப் பயன்படுத்தி இரவில் மான்களைப் படம் எடுத்தார். விலங்கு தானே ஒரு கயிற்றை இடறிப் படம் எடுத்துக்கொள்ளும்படியும் கருவியை அமைத்தார். 1906 ஜூலை மாதத்து 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழில் அவருடைய 74 படங்கள் வெளியாயின. இம்முறையை இந்தியக் காட்டிற்குக் கொணர்ந்து வேங்கையிடம் சோதித்துப் பார்த்தவர் வனத்துறை அலுவலர் ஒருவர்.

வேங்கை தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம்

அவர் பெயர் எப். டபிள்யூ. சாம்பியன். 1893-ஆம் ஆண்டில் பிறந்தவர். பூச்சியியல் அறிஞர் ஒருவரின் மகன். முதல் உலகப் போருக்குப் பின் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் பணியேற்று, நாடு விடுதலை பெறும்வரை இமயத்தின் அடிவாரக் காடுகளிற் பணியாற்றினார். அக்காலத்து வெள்ளை அலுவலர்கள் துப்பாக்கியும் கையுமாகக் காட்டிற்குள் புகுவதே வழக்கம். சாம்பியனோ வேட்டையாடுவதில் விருப்பம் இல்லாதவர். பகலில் பழகிய யானைமீது அமர்ந்து காட்டைச் சுற்றினார். இரவில் விலங்குகள் செல்லும் தடங்களில் தம் கருவியை வைத்துவிட்டு அகன்றார்.

அவர் முறையைச் சிறிது விளக்குவோம். வேங்கை காட்டில் நினைத்தவாறு நடப்பதில்லை. முள்ளும் புதரும் இல்லாத வண்டிப்பாதை, வறண்ட ஆற்றுப்படுகை, மணற்பாங்கான ஒற்றையடித் தடம் ஆகியவற்றையே பெரும்பாலும் நாடும். அத்தடத்தில் பதிந்த அடிச்சுவடுகளைப் படித்து, எவ்வழியே மீண்டும் வரக்கூடும் என்று கணித்து, மெல்லிய கம்பி ஒன்றைக் குறுக்கே கட்டுவார். வேங்கையின் கால் அதில் பட்டதும் மருந்துப் பொடி பளிச்சென்று எரியும். அவ்வொளியில் கருவி படத்தைப் பதிந்துகொள்ளும். ஒரே ஒரு படம், அவ்வளவே. மழையில் பொடி நனைந்து போதலும், மான் இடறித் தகடு வீணாதலும், யானை வந்து கருவியை உருட்டுதலும் இம்முயற்சிக்கு நேரக்கூடிய இடையூறுகள். பல ஆண்டுகள் முயன்ற பின்னரே நல்ல வேங்கைப் படம் அவருக்குக் கைகூடியது. 1925 அக்டோபரில் லண்டன் நகரத்துப் பெயர் பெற்ற வார இதழொன்று அவருடைய படத்தை முகப்பிலேயே வெளியிட்டது. 1927-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய 'வித் எ காமிரா இன் டைகர்-லேண்ட்' என்னும் நூல் வெளிவந்தது. 1934-ஆம் ஆண்டில் இன்னொரு நூலும் வந்தது.

அப்படங்களில் வேங்கை இரவின் அமைதியில் தன் வழியே நடந்து செல்கின்றது. அதன் முகத்தில் சீற்றம் இல்லை. அது மனிதனைப் பார்க்கவும் இல்லை. புலி என்றால் உறுமிப் பாயும் கொடிய விலங்கு என்றே வேட்டைக் கதைகளில் படித்திருந்த உலகம், தன் போக்கில் வாழும் புலியை அன்றுதான் கண்டது. சாம்பியன் தம் படங்களை ஒப்பிட்டு நோக்கி, ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலியின் வரிகளைப் போல இருப்பதில்லை என்பதையும் எடுத்துக் காட்டினார். அவ்வுண்மை பெரும்பயன் தருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சாம்பியனின் படங்களைக் கண்டு மனம் மாறியவர்களுள் ஒருவர் ஜிம் கார்பெட். 'குமாயுன் புலிகள்' என்ற பெயரில் தி. ஜ. ர. அவர்களின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்து மகிழ்ந்தோர் நம்முள் பலர் இருப்பர். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்திய அவ்வீரர், பிற்காலத்தில் சலனப்படக் கருவியை ஏந்தி அலைந்தார். கருவியின் ஓசை கேட்டால் புலி அகன்றுவிடும் என்பதனால், காட்டோடையில் சிற்றணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கருவியின் ஓசை அடங்கும்படி செய்தார். மாதக்கணக்கில் மறைந்திருந்து ஏழு புலிகளைப் படம் பிடித்தார். புலித்தோல் அதனை உரித்தவனுக்கு மட்டுமே உரியது; புலியின் படமோ பார்ப்பவர் யாவர்க்கும் இன்பம் தருவது என்ற கருத்தை அவர் தம் நூலின் இறுதியில் வற்புறுத்துகின்றார். 1936-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயுன் மலையடிவாரத்தில் அமைவதற்குக் குரல் கொடுத்தவர்களுள் இவ்விருவரும் அடங்குவர். 1957-ஆம் ஆண்டு முதல் அப்பூங்கா கார்பெட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

படம் தந்த சான்று

நிழற்படம் கண்ணுக்கு விருந்தாவதோடு அறிவியலுக்குச் சான்றாகவும் அமையும் என்பதற்கு அசாம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டலாம். அங்குத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இ. பி. ஜீ என்பார் விடுமுறை நாட்களில் படக்கருவியுடன் காடு சுற்றுபவர். பூட்டான் எல்லையை ஒட்டிய காடுகளில் பொன்னிறக் குரங்கு ஒன்று வாழ்வதாகச் செவிவழிச் செய்தி வழங்கி வந்தது. 1953-ஆம் ஆண்டில் சங்கோஷ் ஆற்றின் அருகே ஜீ அதனைக் கண்டு படம் பிடித்தார். கல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் அதன்பின் ஆய்ந்து, 1956-ஆம் ஆண்டில் அஃது அதுகாறும் விவரிக்கப்படாத தனி இனம் என்று நிறுவினர். கண்டவர் பெயரையும் அதன் அறிவியற் பெயரில் இணைத்தனர். ஜீ 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஒயில்ட் லைஃப் ஆஃப் இந்தியா' என்ற நூலுக்கு நேரு பெருமகனார் முன்னுரை வழங்கினார்.

இவ்வாறு 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படக்கருவி காட்டில் தனக்கென ஓரிடத்தைப் பெற்றுவிட்டது. ஆயினும் துப்பாக்கி முற்றும் ஓயவில்லை. வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகக் கூறிக்கொண்ட சிற்றரசரும் அக்காலத்தில் வாழ்ந்தார். காட்டு விலங்குகளைப் பாதுகாக்க நாடு முழுமைக்குமான சட்டம் 1972-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அந்த இடைக்காலத்தில் மக்கள் மனத்தைக் காட்டின்பால் திருப்பியவர்களுள் தலையாய ஒருவர் தமிழர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மாதவையாவின் மைந்தர்

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் கற்றோர் அறிவர். அவருடைய மக்களுள் இளையவர் மா. கிருஷ்ணன். 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் 1925-ஆம் ஆண்டில் மறைந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவர இயல் பயின்றார். பின்னர்க் கன்னட நாட்டைச் சார்ந்த சந்தூர் சமஸ்தானத்தில் 1942 முதல் சில ஆண்டுகள் பல்வேறு பணிகளை ஏற்றார். குன்றும் புதர்க்காடும் சூழ்ந்த அவ்வூர் அவருக்கு இயற்கையைக் கற்பிக்கும் பள்ளியாக அமைந்தது. சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எவரிடமும் ஊழியம் பார்க்கவில்லை. எழுத்தும் படமுமே அவர் தொழிலாயின.

1950-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கண்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் இரு வாரத்திற்கு ஒரு முறை எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறையும்வரை, 46 ஆண்டுகள் அப்பகுதி வெளிவந்தது. சென்னையில் அமர்ந்து ஒரு தமிழர் எழுத, வங்காளத்திலும் வட இந்தியாவிலும் வாழ்ந்தோர் அதனைப் படித்தனர். காக்கை, அணில், ஓணான், வேலியோரத்துக் கீரி முதலிய எளிய உயிர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி உவகை உண்டு. நம் ஊர்ப் புறத்துப் பறவையையும் விலங்கையும் நம் அண்டை வீட்டாருக்கு நமக்கு முன்பே அறிமுகம் செய்துவைத்தவர் அவர்.

அவருடைய படக்கருவி வேடிக்கையானது. பல்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்துக் கொண்டது, மிகக் கனத்தது. அதற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று நகைச்சுவையாகப் பெயரும் சூட்டியிருந்தார். விலையுயர்ந்த புதுக்கருவிகளை நாடி அவர் அலையவில்லை. வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். நீலகிரியின் அடிவாரத்தில் 1940-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முதுமலையில் பழகிய யானையின் முதுகில் அமர்ந்து அவர் எடுத்த காட்டு யானைகளின் படங்கள் புகழ் பெற்றவை. யானைமேல் வரும் மனிதனைக் கண்டு காட்டு விலங்குகள் அவ்வளவாக மிரள்வதில்லை. யானையின் உருவும் மணமும் அவற்றிற்குப் பழக்கமானவை. இருப்பினும் எவ்வளவு அருகிற் செல்லலாம், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பதைப் பாகரே அறிவர். நல்ல படம் ஒவ்வொன்றிலும் பாகரின் அறிவும் யானையின் பொறுமையும் கலந்துள்ளன.

கிருஷ்ணனின் படங்களைக் காண்போர் ஒன்றை உணர்வர். விலங்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது அவர் நோக்கமன்று. அது நிற்கும் புல்வெளி, பின்னாலுள்ள மூங்கிற் புதர், அதன் உடலில் விழும் வெயில், கூட்டத்தில் கன்று நிற்கும் இடம் ஆகிய யாவும் படத்தில் இடம்பெறும். அவற்றைப் பார்த்தே அவ்விலங்கு எத்தகைய காட்டில் எவ்வாறு வாழ்கின்றது என்பதைப் படித்துக் கொள்ளலாம். ஒரு நிலத்தின் இயல்பான மரஞ்செடிகளும் உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றிடையே அயல்நாட்டு மரங்களைப் புகுத்துவது அழகுக்காயினும் வருவாய்க்காயினும் கேடே என்று அவர் ஓயாது எழுதினார். அவர் காலத்தில் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. இன்று நம் மலைச்சரிவுகளில் அயற்செடிகள் பரவி மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டதைக் காண்போர் அவர் சொல்லின் அருமையை உணர்வர்.

நேரு நினைவு நல்கையைப் பெற்றுத் தென்னிந்தியாவின் பாலூட்டி விலங்குகளை ஆராய்ந்து, அவர் எழுதிய நூல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக 1975-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1959 முதல் 1970 வரை நம் காடுகள் இருந்த நிலைக்கு அஃது ஓர் ஆவணம். தமிழிலும் அவர் எழுதினார். அக்கட்டுரைகள் அவர் மறைவுக்குப்பின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. தந்தையாரின் நாவலைப் பாடமாகப் பயின்ற நம்முள் எத்தனை பேர் மைந்தரின் பணியை அறிவோம்? இவ்வினாவை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவராய் இருக்கின்றோம்.

அவர்க்குப் பின்னும் இம்மரபு தமிழரிடையே அறுந்துவிடவில்லை. 1932-ஆம் ஆண்டில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017-ஆம் ஆண்டில் மறைந்த தி. என். ஏ. பெருமாள் அவர்கள் பறவைகளையும் இரவில் நடமாடும் சிற்றுயிர்களையும் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். இளைஞர் பலருக்கு ஆசானாகவும் விளங்கினார். நம்மைப்போல் வெளி மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் அவர்.

வரிகளே கையெழுத்து

வேங்கையின் வரிகளைப் பற்றிச் சாம்பியன் கூறியதைப் பின்னர்க் கூறுவோம் என்றோம். அதன் பயன் இதுவே. 1973 ஏப்ரல் முதல் நாளில் கார்பெட் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. புலிகளை எண்ணுவதற்கு அப்போது கையாண்ட முறை, அடிச்சுவடுகளைக் கண்ணாடியில் வரைந்தோ அச்செடுத்தோ ஒப்பிடுவது. ஒரே புலியின் சுவடு ஈரமண்ணில் ஒருவிதமாகவும் புழுதியில் வேறுவிதமாகவும் பதியும். ஆகையால் ஒன்றை இரண்டாக எண்ணவும், இல்லாததை உள்ளதாகக் கருதவும் இடமிருந்தது. கர்நாடக மாநிலத்து நாகரஹொளே காட்டில் ஆய்வு செய்த உல்லாஸ் காரந்த் இம்முறையின் குறையை எடுத்துரைத்தார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தானியங்கிப் படக்கருவிகளைத் தடங்களில் பொருத்தி, வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார். சாம்பியன் கம்பி கட்டிய இடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரியாத கதிர் காவல் இருந்தது; முறையின் உள்ளக்கருத்து ஒன்றே.

இதன் இன்றியமையாமை நாட்டிற்கு ஓர் அதிர்ச்சியின் வாயிலாகவே புலப்பட்டது. 2001-02-ஆம் ஆண்டில் அடிச்சுவடுக் கணக்கின்படி இந்தியாவில் 3,642 புலிகள் இருப்பதாகக் கூறப்பட்டது. ராஜஸ்தான் மாநிலத்துச் சரிஸ்காவிலும் புலிகள் உள்ளன என்றே ஏடுகள் கூறி வந்தன. 2005-ஆம் ஆண்டில் தேடிப் பார்த்தபோது அங்கு ஒரு புலியேனும் இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் யாவற்றையும் கொன்று தீர்த்திருந்தனர். ஏட்டில் புலி இருந்தது, காட்டில் இல்லை. அதன் பின்னரே படச்சான்றை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2006-ஆம் ஆண்டின் மதிப்பீடு 1,411 என்று உண்மையை ஒளியாது உரைத்தது. கசந்த அவ்வுண்மையே பாதுகாப்பைக் கடுமையாக்கத் தூண்டியது. 2018-ஆம் ஆண்டில் மதிப்பீடு 2,967. 2022-ஆம் ஆண்டில் 3,682.

2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிகளின் படம் 76,651. சிறுத்தைகளின் படம் 51,777. வரிகளை ஒப்பிட்டுத் தனித்தனியே அறியப்பெற்ற புலிகள் 2,461. இவ்வளவு பெரிய முயற்சி உலகில் வேறெங்கும் நடந்ததில்லை என்று கின்னஸ் நூலாரும் பதிந்துள்ளனர். வெயிலிலும் மழையிலும் நடந்து இக்கருவிகளைக் கட்டியவர்கள் வனக்காவலர்கள். போர்னின் சுமையாளர்களைப் போலவே இவர்கள் பெயரும் எந்தப் படத்தின் கீழும் அச்சாவதில்லை.

பிடிப்பதும் விடுவதும்

தமிழில் நாம் மீனைப் பிடிக்கின்றோம், யானையைப் பிடிக்கின்றோம், படத்தையும் பிடிக்கின்றோம். மீனைப் பிடித்தால் நீரில் ஒரு மீன் குறையும். படம் பிடித்தால் காட்டில் எதுவும் குறையலாகாது. இக்கலையின் முதல் அறம் இதுவே. இதுகாறும் கண்ட வரலாறும் அவ்வறத்தின் வரலாறே. சாம்பியன் கருவியை வைத்துவிட்டு அகன்றார். கார்பெட் தம் ஓசையை நீரோசையில் மறைத்தார். கிருஷ்ணன் யானைமீது அமர்ந்து காத்திருந்தார். ஒவ்வொருவரும் தம்மைக் குறைத்துக்கொண்ட அளவிற்கு விலங்கு தன் இயல்போடு விளங்கியது.

இன்றோ படக்கருவி எளிதாகிவிட்டது. கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் படம் எடுக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சரணாலயம் ஒன்றிற் சென்று நாம் கண்ட காட்சியைக் கூறாமல் இருத்தல் தகாது. புலி ஒன்று சாலையைக் கடக்க வந்தது. முன்னும் பின்னுமாக ஜீப்புகள் பல வந்து நெருங்கின. 'இன்னும் முன்னே போ, இன்னும் முன்னே போ' என்று ஓட்டுநரை அவசரப்படுத்தியவர்களுள் நாமும் இருந்தோம். வழி கிடைக்காத புலி சிறிது நேரம் நின்று, வந்த வழியே திரும்பிவிட்டது. சாலைக்கு அப்பால் இருந்தது ஒரு நீர்நிலை. அது கோடைக்காலம். அன்று நாம் எடுத்த படம் தெளிவாகவே வந்தது. அதனை மாட்டிவைக்க மனம் ஒப்பவில்லை.

இத்தகைய நெருக்கடியின் காரணமாகவே 2012-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவைச் சில மாதங்கள் தடை செய்து, பின்னர் நெறிமுறைகளுடன் இசைவு அளித்தது. பறவைக் கூடுகளுக்கும் தீங்கு உண்டு. கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முன்னுள்ள கிளையை வெட்டினால், குஞ்சுகள் வெயிலில் வாடும். காக்கையும் வல்லூறும் எளிதில் கண்டுகொள்ளும். படம் எடுத்தவர் வீடு திரும்பிய பின் கூட்டில் நேர்வதை எந்தப் படமும் காட்டாது. இதனால் படக்கருவியைப் பழித்தல் பொருந்தாது. சரிஸ்காவின் பொய்யை வெளிப்படுத்திய முறையும், பொன்னிறக் குரங்கை உலகறியச் செய்த சான்றும் அக்கருவி தந்தவையே. அதனை ஏந்துகின்ற கைக்கு அடக்கம் வேண்டும் என்பதே நம் கருத்து.

2022 செப்டம்பர் 17-ஆம் நாள் ஆப்பிரிக்காவின் நமீபிய நாட்டிலிருந்து கொணர்ந்த 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டில் விடப்பட்டன. அவற்றின் படங்களை நாடே ஆர்வத்துடன் கண்டது. 1947-ஆம் ஆண்டின் படத்திற்கும் இப்படங்களுக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள். இழந்தது ஆசிய இனம். வந்திருப்பது ஆப்பிரிக்க இனம். போனது போனதே. எனினும் முன்னதில் சிவிங்கி தரையிற் கிடந்தது. பின்னதில் எழுந்து நடக்கின்றது.

அடுத்த கோடை விடுமுறையில் நம் சங்கத்து அன்பர்கள் பலர் குழந்தைகளுடன் காடுகளுக்குச் செல்லக்கூடும். கருவியை எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன் கிருஷ்ணனின் கட்டுரை ஒன்றையேனும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். விலங்கு வழி கேட்டால் வண்டியை நிறுத்தி வழி விடச் சொல்லுங்கள். வழிகாட்டும் காவலரின் பெயரைக் கேட்டு, எடுத்த படத்தின் பின்புறம் அப்பெயரையும் எழுதி வையுங்கள். படம் மங்கலாக வந்தாலும் குற்றமில்லை. நீர் குடிக்க வந்த புலி நீர் குடித்துச் சென்றது என்ற செய்தியை அக்குழந்தைகள் வீட்டிற்குக் கொணர்ந்தால் அதுவே போதும்.